மருந்து மடத்தின் எட்டாவது அறை

மடத்தில் யாராவது தும்மினால் அடிவாரத்து ஊர்க்காரன் மழை என்று குடை விரிப்பான். அவ்வளவு உயரத்தில் இருந்தது அந்த மருந்து மடம். அங்கே எட்டு அறைகள். ஏழில் மருந்து நூலின் பிரதிகள், அமாவாசைக்கு ஒன்றாக எழுதியவை. எட்டாவது நோயாளிகளுக்கு.

ஒரு காலையில் குரு வெளியே வந்தார். மூன்று நாள் காய்ச்சலோடு விறகுக்காரி பேச்சி முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்தாள்.

"இவளை யார் வெளியே போட்டது?"

"நான்தான் சுவாமி," என்றார் தாண்டவர். ஐம்பது வயதுச் சீடர், பிரதிகளுக்குப் பொறுப்பாளர். "இந்த அமாவாசைப் பிரதியை வைக்க இடமில்லை."

"பிரதிக்கு அறை, பேச்சிக்கு மழையா?"

"நூல் அழிந்தால் ஆயிரம் பேச்சிகள் சாவார்கள்! முப்பத்தாறு பிரதி, ஒவ்வொன்றும் முழு நூல். ஒன்றைக்கூட எறிய விடமாட்டேன்."

"மூலத்தைப் பார்த்தா எழுதுகிறாய்?"

"ஐயையோ, அடிக்கடி தொட்டால் தேய்ந்துவிடாதா? முதல் பிரதிக்கு மட்டும்தான் தொட்டேன். அப்புறம் போன மாதப் பிரதியைப் பார்த்து எழுதி, நீங்கள் சொல்லும் புது மருந்துகளைக் கடைசியில் சேர்த்துவிடுவேன். சீக்கிரம் முடியும். மூலம் பெட்டிக்குள் பத்திரம்."

குரு விறுவிறுவென்று திண்ணை அடுப்பை மூட்டினார்.

"கடைசிப் பிரதியை எடு. காய்ச்சல் கஷாயம் வாசி. நீ வாசிப்பதைப் போடுகிறேன்."

குரு எப்போதும் மனப்பாடமாகவே மருந்து கொடுப்பவர். பிரதியைப் பார்த்து யாரும் காய்ச்சியதில்லை. பார்த்துக் காய்ச்சினால், வாசித்தவர்தான் முதல் மடக்கு குடிக்க வேண்டும். அது மடத்து விதி.

தாண்டவர் கணீரென்று வாசித்தார். "சுக்கு ஒரு பிடி. நிலவேம்பு இரண்டு பிடி. சுத்தி செய்த எட்டிக்கொட்டைத் தூள்..."

பிரதியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"எவ்வளவு?"

"எலுமிச்சை அளவு."

"யானையே சாகும். சரி, குவளையைப் பிடி."

"சுவாமி! கை தவறியிருக்கும். போன மாதத்தைப் பார்க்கிறேன்."

ஓடினார். அதிலும் எலுமிச்சை. அதற்கு முந்தையதிலும். ஏழு அறைகளையும் கலைத்துப் போட்டார். பெட்டியைத் திறந்தார். மூலத்தில் மிளகளவு. முதல் பிரதியில் மிளகளவு. இரண்டாவதிலிருந்து எல்லாமே எலுமிச்சை.

திரும்பி வந்தபோது குரு, தனியே தூக்க முடியாமல், பேச்சியின் தலைக்குமேல் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தைந்தும் தப்பு சுவாமி."

"முப்பத்தைந்து ஏது? ஒரே ஒரு தப்பு. அதைத்தான் ஏழு அறையில் குடிவைத்திருக்கிறாய். வா, இவள் கால் பக்கம் பிடி, எட்டாவது அறைக்குத் தூக்குவோம்."