குசிநகரத்துக்கு ஐந்து நாள் நடை

பத்திரை அறுபத்திரண்டு வயதில் பிக்குணியானவள். நாகப்பட்டினத்திலிருந்து நடந்து வருகிறாள். உடன் வரும் குரு உத்தமைக்கு நாற்பது வயதுதான். போகிற ஊரிலெல்லாம் ஜனங்கள் பத்திரையின் காலில் விழுவார்கள். அவள் பதறிப்போய் குருவின் காலைக் காட்டுவாள்.

கயை ஆயிற்று. சாரநாத்தும் ஆயிற்று. சாரநாத்தில் பத்திரை தன் நாலு பிள்ளைகளுக்காக, ஆளுக்கு ஒரு நாள் ஸ்தூபியை வலம் வந்தாள். பிறகு பேரப்பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் ஏழு பேர்.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. குசிநகரத்துக்கு இன்னும் ஐந்து நாள் நடை இருக்கும்போதே ஆடிப் பௌர்ணமி வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று மாதம் துறவிகள் இருக்கிற ஊரைவிட்டு நகரக்கூடாது. அது மழைக்கால விதி. ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றில், செங்கல் சூளைக்காரர் ஒருவர் தம் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் காலை, பத்திரை பிச்சைப் பாத்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடத்துறைக்குப் போய்விட்டாள். ஆறு கரையைத் தொட்டு ஓடியது.

“நான் பிள்ளைகுட்டிக்காரன், பெரியம்மா. இந்தத் தண்ணியில ஓடம் விடமாட்டேன்” என்றான் ஓடக்காரன்.

“துடுப்பைக் குடு. நானே போய்க்கிறேன்.”

“நீங்க போயிடுவீங்க. ஓடத்தை யாரு திருப்பிக் கொண்டாருவா?”

உத்தமை பின்னாலேயே வந்து நின்றாள்.

“வா, பத்திரை.”

“கால் வீங்கிக் கிடக்கிறது, தாயே. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று மாதம் நான் தாங்கமாட்டேன்.”

“அங்கே போய்?”

“புத்த பகவான் கண்மூடிய மண். அங்கே ஒருமுறை விழுந்து கும்பிட்டால் சாவு பயம் போய்விடுமாம்.”

“யார் சொன்னது?”

“போய்வந்தவர்கள்.”

“பயம் போய்விட்டதா அவர்களுக்கு?”

பத்திரை கொஞ்சம் யோசித்தாள். “கேட்கவில்லை.”

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஓடக்காரன் ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

“பகவான் வந்தபோது குசிநகரம் எப்படி இருந்தது?” என்று கேட்டாள் உத்தமை.

“சின்ன ஊர்தான். மண்சுவர். சீடர் ஆனந்தரே அழுதாராம், இந்தப் பட்டிக்காட்டில் கண்மூட வேண்டாம், பெரிய நகரம் எதற்காவது போய்விடலாம் என்று.”

“பகவான் போனாரா?”

“எங்கே போவது? பாவம், அவருக்கு வயிற்றுக்கடுப்பு. வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அந்த ஊர்வரைக்குமே வந்திருக்கிறார்.”

சொல்லி முடித்ததும் பத்திரை தோளிலிருந்த பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்தாள்.

“நாலு நாளாக இங்கே வாங்கிச் சாப்பிடுகிறாய்” என்றாள் உத்தமை. “இந்த ஊருக்குப் பேர் என்ன?”

பத்திரை ஓடக்காரனைத் திரும்பிப் பார்த்தாள்.