பின் சீட்டில் ஒரு விமானி

"இருபது வருஷமா போர் விமானம் ஓட்டுறேன் மேடம். என்னைப் போய்ப் பின் சீட்ல உட்காரச் சொல்றீங்க."

"ஆமா," என்றார் மெஹருன்னிசா.

விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி தருபவர் அவர். எதிரே நின்றவர் விங் கமாண்டர் டெரன்ஸ் பர்னாந்து, தூத்துக்குடிக்காரர். எஞ்சின் அணைந்துபோன விமானத்தை இமயமலைக்கு மேல் சறுக்கவிட்டே ஓடுபாதையில் கொண்டுவந்து சேர்த்தவர். விமானப்படையில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை.

"எங்கிட்ட என்ன குறை?"

"உங்க கை."

"என் கை ஒரு நாளும் நடுங்கினதில்லை."

"அதுதான் குறை."

டெரன்ஸுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார்.

முன் சீட்டில் நித்திலா. பொறியாளர். விண்கலத்தில் டெரன்ஸுடன் போகவேண்டியவர். விமானம் ஓட்ட இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது பக்கக் காற்று அடித்தது. விமானம் சாய்ந்தது. டெரன்ஸின் கை தானாகப் போய்ப் பின் சீட்டிலும் இருந்த ஓட்டும் பிடியைப் பற்றியது. விமானம் பூப்போல இறங்கியது.

"யார் இறக்கினது?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"நான்தான்," என்றார் டெரன்ஸ்.

"அப்ப நாளைக்கும் போங்க."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

கடைசியில் ஒரு நாள் டெரன்ஸ் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். நித்திலாவே விமானத்தை இறக்கினார்.

"ரெண்டு தரம் குதிச்சுது மேடம்."

"உடைஞ்சுதா?"

"இல்லை."

"அப்ப ரெண்டு பேரும் மேலே போகலாம்."

போனார்கள்.

விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது, கலத்தைத் தானாக இணைக்கும் கருவி செயலிழந்தது. இனிக் கையால்தான் இணைக்க வேண்டும். எரிபொருள் ஒரு முயற்சிக்குத்தான் இருந்தது. தவறினால் திரும்பிவிட வேண்டியதுதான்.

டெரன்ஸ் பிடியைப் பற்றினார். எடையற்ற நிலையில் தலை சுற்றியது. நிலையத்தின் வாசல் இரண்டாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தார். இரண்டுதான்.

கை மட்டும் நடுங்கவேயில்லை.

கீழே மொத்தக் கட்டுப்பாட்டு அறையும் அவர் குரலுக்குக் காத்திருந்தது.

"எனக்கு எல்லாம் ரெண்டா தெரியுது," என்றார் டெரன்ஸ். பிடியை விட்டார். "நித்திலா, நீங்க பிடிங்க."

"சார், நானா?"

"நீங்கதான். அவசரமே இல்லை."

கலம் இடப்பக்கம் ஒதுங்கியது. டெரன்ஸ் அசையவில்லை. நித்திலா திருத்தினார். வலப்பக்கம் ஒதுங்கியது. மறுபடி திருத்தினார்.

டக்.

கொக்கிகள் விழுந்து பூட்டிக்கொண்டன.

கீழே கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நித்திலா சிரித்தார், அழுதார். கண்ணீர் கீழே விழாமல் கண்ணோரமே குமிழாகத் திரண்டு நின்றது. டெரன்ஸ் ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டிருந்தார்.

"டெரன்ஸ்," என்றது மெஹருன்னிசாவின் குரல். "என்ன தெரியுது?"

"ரெண்டு பூமி, மேடம்."

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டுமே அழகா இருக்கு."