முதுகு காட்டிய வண்டி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டைச் சீமையை உக்கிரசேனர் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்பதைவிட, அவருக்குத் தோன்றியதையெல்லாம் சீமை செய்துகொண்டிருந்தது என்பதே சரி. அவர் சபையில் ஒரு கண்டிப்பான வழக்கம்: ராஜாவுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. விடைபெறுகிறவர்கள் கும்பிட்ட கையோடு பின்புறமாகவே நடந்து வெளியேற வேண்டும். அதனால் மந்திரி பூவராகருக்குப் பின்மண்டையில் நிரந்தரமாக ஒரு புடைப்பு. வாசல் தூண் கொடுத்த விருது.

ஒருநாள் ஆப்கின்ஸ் என்ற துரை, நாலு குதிரை பூட்டிய கோச்சு வண்டி ஒன்றை ராஜாவுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். தங்கள் ஊரில் பாதிப் பேச்சு வண்டியை வைத்துத்தான் என்று பெருமையடித்தார். குடியை விட்டவனை 'வண்டியில் ஏறிவிட்டான்' என்பார்களாம். ஊர் எதைப் புகழ்கிறதோ அதையே தானும் புகழ்கிறவனை 'வண்டியில் தாவிவிட்டான்' என்பார்களாம்.

"தாவுகிறவர்கள் இங்கேயும் உண்டு, துரையே" என்றார் மந்திரி. அவர் பார்வை, தனக்கு அடுத்த பதவியிலிருந்த தானாதிபதி சிகாமணி மேல் போய் நின்றது. மந்திரி ஆசனத்தின்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த சிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வண்டியில் ஏறி வீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டு முகமெல்லாம் பல்லாக இறங்கினார். சிகாமணி அவர் காதருகே குனிந்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"பிரபோ, சொல்லவே நாக்கு கூசுகிறது. அந்த வண்டிக்காரப் பயல் மாசிலா வழி நெடுகத் தங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வந்தான். மந்திரியாரும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்."

ராஜாவின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் மாசிலாவின் தலையை எடுக்க உத்தரவாயிற்று. பாவம் மாசிலா, கையிலிருந்த சாட்டையைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றான்.

பூவராகருக்கு ராஜாவைத் தெரியும். கூடாது என்றால் மாசிலா தலையோடு தன் தலையும் சேர்ந்து போகும். ஆகவே அவரும் அந்த வண்டியில் தாவினார்.

"குற்றம் குற்றம்தான், மகாராஜா. ஆனால் மாசிலாவுக்கும் முன்னால் நாலு பேர் இதைவிடக் கேவலமாகக் காட்டினார்கள். வாலைத் தூக்கி வேறு."

"யார் அவர்கள்?"

"குதிரைகள்."

சபையில் பலருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ராஜா யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. குதிரைகளை வண்டிக்குப் பின்னால், முகம் வண்டியைப் பார்க்கும்படி பூட்டி, வண்டிக்காரனையும் பின்னாலேயே நிறுத்திவிட்டால் ஒரு முதுகும் கண்ணில் படாது என்று மந்திரி யோசனை சொன்னார். இவ்வளவு நுணுக்கமாகக் குற்றம் கண்ட தானாதிபதியே ராஜாவின் இடத்தில் உட்கார்ந்து வெள்ளோட்டம் பார்க்கட்டும். வண்டி முன்னால் போனால் முதுகு காட்டாமலும் ஓட்டலாம் என்றாகும், மாசிலாவின் தலை போகட்டும்; போகாவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ராஜா சரி என்றார்.

ராஜாவின் இடம் என்றதும் சிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். மாசிலா பின்னாலிருந்து சாட்டையைச் சொடுக்கினான். குதிரைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவற்றில் ஒன்று எட்டி அவர் தலைப்பாகையை மெல்லத் தொடங்கியது. அவர் வெடுக்கென்று இழுக்க, அது மிரண்டு பின்வாங்க, மற்ற மூன்றும் பின்வாங்க, வண்டி பின்னாலேயே உருண்டு யானை குளிக்கும் குட்டையில் போய் விழுந்தது. சிகாமணி தலை நிறையப் பாசியோடு எழுந்தார்.

கிரீடம் நழுவுகிற அளவுக்கு ராஜா சிரித்தார். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கள் ஊரில் தலைகீழாகக் காரியம் செய்கிறவனை, குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுகிறான் என்போம். அதெல்லாம் வெறும் பேச்சுக்கு. பூட்டியே பார்த்தது நீங்கள்தான்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. மாசிலாவுக்கு மூச்சும் நின்றது.

பூவராகர் மெதுவாகச் சொன்னார்: "வழியைப் பார்க்கிறவன் முதுகைத்தான் காட்ட முடியும், மகாராஜா. எந்நேரமும் தங்கள் முகத்தையே பார்க்கிறவன் தங்களை எங்கே கொண்டுபோய் விடுவான் என்பதை இப்போது குட்டையில் பார்த்தோம்."

ராஜா குட்டையையும் சிகாமணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். மாசிலா தலையோடும் வேலையோடும் வீடு போனான். தினமும் அந்த நாலு குதிரைகளையும் பின்பக்கமாக நின்று தேய்த்துக் குளிப்பாட்டும் வேலை சிகாமணிக்குக் கிடைத்தது. முதுகு காட்டாத வழக்கமும் அன்றோடு ஒழிந்தது.

அன்று சபை கலைந்ததும் பூவராகர் முதல்முறையாக முன்பக்கமாக நடந்து வெளியே போனார். தூண் அவரைத் தொடவில்லை. வாசலுக்கு மேலே, உட்சுவரில் பெரிதாக ஒரு சித்திரம் இருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. ராஜாவின் பாட்டனார் தேரில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் தேரோட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு.

சிம்மாசனத்துக்கு நேர் எதிர்ச் சுவர் அது.