அண்ணன் தந்த சம்மதம்

மருதப்பன் ஆற்றங்கரை மடத்துக்குத் திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஊரிலிருந்து இரண்டு நாள் நடை. காலைக்கூடக் கழுவாமல் நேரே குருவிடம் போனான். நல்ல செய்தி கொண்டுவந்தவனுக்கு அவ்வளவு அவசரம்.

“சாமி, அண்ணனோட சமாதானம் ஆயிருச்சு.”

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “உக்காரு” என்றார்.

பதினொரு வருஷப் பகை அது. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது அவர்கள் ஊர் வழக்கம். அம்மா இறந்த அன்று மருதப்பன் வெளியூரில் இருந்தான். மறுநாள் ஓடோடி வந்து சேர்ந்தால், சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. மூத்தவர் சடையப்பன் காத்திருக்காமல் தாமே கொள்ளி வைத்துவிட்டார். அன்றிலிருந்து மருதப்பன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மடத்துக்கு வந்தான், தாடி வளர்த்தான், பற்றையெல்லாம் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டான். இந்த ஒன்றை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தான். சடையப்பன் இந்த மாதம் தாண்ட மாட்டார் என்று வைத்தியர் கைவிரித்த செய்தி வந்த பிறகுதான் கிளம்பிப் போனான்.

“என்ன பேசினே?” என்றார் குரு.

“பாதிப் பாதின்னு முடிச்சேன் சாமி. ஒரு ராத்திரி காத்திருந்திருக்கணும், அது அண்ணன் தப்பு. அம்மா படுக்கையில கிடக்கிறப்ப நான் வெளியூர் போயிருக்கக் கூடாது, அது என் தப்பு. இதோட விட்டுருவோம்னு சொன்னேன். எல்லாத்துக்கும் தலையாட்டினார். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போறதில்லைன்னு சும்மாவா சொன்னாங்க?”

“அவர் என்ன சொன்னார்?”

“அவருக்குப் பேச்சு போயி மூணு வருஷமாச்சு. பக்கவாதம். காது மட்டும் நல்லாக் கேக்குது.”

குரு கீரையைக் கீழே வைத்தார்.

“ஆனா மனசு நிறையலை சாமி. நான் செஞ்சது சரிதானே?”

குரு தலையாட்டினார். மருதப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு சொன்னது நியாயம்தானே?”

குரு தலையாட்டினார்.

“பார்க்கப்போனா முழுத் தப்பும் அவர் மேலதான். பெரிய மனசு பண்ணித்தான் பாதியை நான் ஏத்துக்கிட்டேன்.”

அதற்கும் தலையாட்டினார். மருதப்பன் கொஞ்சம் யோசித்தான்.

“இல்லே, தப்பு முழுக்க என் மேலதானோ?”

அதற்கும் தலையாட்டினார்.

“அப்ப முந்தி சொன்னது சரியா, இப்ப சொன்னது சரியா?”

தலையாட்டினார்.

அன்று முழுக்க இதே கதைதான். மறுநாளும் மாறவில்லை. சோறு வைக்கட்டுமா என்றால் ஆட்டினார், வேண்டாமா என்றால் அதற்கும் ஆட்டினார். மற்றவர்களோடு எப்போதும்போலப் பேசினார். மருதப்பனைக் கண்டால் மட்டும் பூம்பூம் மாடு. முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது, ராத்திரி படுக்கும்போது பயம் வந்துவிட்டது. சுவரோடு பேசுவதுகூடத் தேவலை. சுவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வதில்லையே.

மூன்றாம் நாள் காலையில் குருவின் காலில் விழுந்தான்.

“சாமி, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க. வைதாலும் சரி. இந்தச் சம்மதத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

குரு அவனைத் தூக்கி உட்காரவைத்தார். பிறகு பேசினார்.

“பேச்சு போறதுக்கு முன்னாடி எட்டு வருஷம் உன் அண்ணனுக்கு வாய் இருந்துதே. ஒண்ணும் சொல்லலையா?”

மருதப்பன் தரையைப் பார்த்தான். “நாலு தடவை ஆள் அனுப்பினார். ஒரு விஷயம் சொல்லணும், நேர்ல வான்னு.”

“போனியா?”

“தப்பை ஒத்துக்கிட்டா வர்றேன்னு சொல்லிவிட்டேன்.”

“என்ன விஷயமாம்?”

“தெரியலை சாமி.”

சொல்லும்போதே உடைந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயது மனிதன் அப்படி அழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 

“அம்மா கடைசியில ஏதாவது சொல்லியிருப்பாளோ? எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு அவளே சொன்னாளோ? இனிமே எப்படிச் சாமி தெரிஞ்சுக்கிறது?”

“நீ பேசினப்ப, ஒரு இடத்துலயாவது அவர் தலையாட்டாம இருந்தாரா?”

மருதப்பன் நினைத்துப் பார்த்தான். வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போன பேச்சு அது. ஒரு சொல் விட்டுப்போகாமல் சொல்லி முடிப்பதிலேயே குறியாக இருந்திருந்தான். அண்ணன் தலை ஆடியது ஞாபகம் இருந்தது. அண்ணன் முகம் ஞாபகத்தில் இல்லை.

“கவனிக்கலை சாமி.”

“திரும்பப் போ. முதல்லேருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு. எந்த இடத்துல அவர் தலை நிக்குதோ, அந்த இடத்துல நீயும் நிறுத்து.”

“நிறுத்திட்டு?”

“அப்புறம் அவர் முறை. நீ ஒண்ணொண்ணாக் கேளு, அவர் தலை பதில் சொல்லட்டும்.”

மருதப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். ஆற்றில் வெள்ளம் ஏறியிருந்தது. சுற்றுவழியில் போனால் மூன்று நாளாகும். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

“நான் போய்ச் சேர்ற வரைக்கும் அவர் இருப்பாரா சாமி?”

குரு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை அசையவில்லை.