யார் உத்தரவு

உலகப் போரின் நடுவே, சைகோன் நகரத்தை யார் ஆள்கிறார்கள் என்று யாருக்குமே நிச்சயமாகத் தெரியாத காலம் அது. கட்டடங்களில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. தெருவில் ரோந்து போனது ஜப்பான் பட்டாளம்.

வைத்திலிங்கம் அந்த ஊர்ச் சிறையில் காவலர். காரைக்கால் பக்கம் திருநள்ளாற்றில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிரெஞ்சுக் குடிமகனாகக் கப்பலேறி வந்தவர். ஒரு பிற்பகல், சீருடையைக்கூடக் கழற்றாமல், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த அம்பலவாண சாமியின் அறைக்கு ஓடி வந்தார். சாமி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் வைத்திலிங்கத்துக்கு அவர்தான் குரு.

சாமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, இப்ப நம்மள ஆளுறது யாரு?”

“ஏன் கேக்குறீங்க?”

“லாம்னு ஒரு கைதி. பள்ளிக்கூட வாத்தியார். இந்த நாட்டு அன்னாம் ராஜா ஒரு பொம்மை, அவரை ஆட்டுற கவர்னரும் பொம்மைன்னு ஒரு கூட்டத்துல பேசிட்டான். அதுக்குத்தான் உள்ள இருக்கான். நாளைக்குக் காலைல அவனை ஜப்பான் ராணுவப் போலீஸ்கிட்ட ஒப்படைக்கணுமாம். நான்தான் கதவைத் திறந்து விடணும். அங்க போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல, சாமி.”

“யார் உத்தரவு?”

“வெள்ளைக்காரச் சிறையதிகாரி துரையைக் கேட்டேன். கவர்னர் உத்தரவுங்கிறார். கவர்னரைக் கேட்டா பிரான்ஸை இப்ப ஆளுற மார்ஷலைக் கைகாட்டுவார். அந்தக் கிழவரோ ஜெர்மன்காரனுக்குத் தலையாட்டிக்கிட்டு இருக்கார். ‘நான்தான்’னு சொல்ல ஒருத்தர் இல்ல.”

 வைத்திலிங்கத்துக்கு வீட்டில் மனைவி செண்பகவல்லி, கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். மறுத்தால் வேலை போகும். வேலை மட்டும் போனால் தேவலை.

“பிரான்ஸ் எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டார் சாமி.

வைத்திலிங்கம் கொஞ்சம் நிமிர்ந்தார். சரித்திரம் அவருக்கு மனப்பாடம்.

“இல்ல சாமி. மொதல்ல ராஜாக்கள். கடவுளே குடுத்த ஆட்சின்னாங்க. ஜனங்க திரண்டு வந்து, ராஜா தலையை வெட்டிக் குடியரசு ஆக்கினாங்க. அப்புறம் ஒரு தளபதி சக்கரவர்த்தியானார். கூடப்பிறந்தவங்களையெல்லாம் அக்கம்பக்கத்து நாடுங்களுக்கு ராஜாவா உட்கார வெச்சார். அவர் தோத்ததும், எதிரிப் பட்டாளம் பழைய ராஜாவோட தம்பியைக் கூட்டியாந்து பாரிஸ்ல உட்கார வெச்சுது. அவங்களும் போனாங்க. மறுபடி குடியரசு, மறுபடி சக்கரவர்த்தி, மறுபடி குடியரசு. இப்ப மார்ஷல்.”

“ராஜா காலத்துல சிறை இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ராஜா தலை போனப்புறம்?”

“அப்பவும் இருந்துச்சு. உள்ள இருந்தவங்கதான் வேற.”

“காவலருங்க?”



“அது புஸ்தகத்துல இல்ல, சாமி.”

சாமி முறத்தைக் கீழே வைத்தார்.

“அந்த வாத்தியாருக்கு யாராவது இருக்காங்களா?”

“அம்மா இருக்கு. ஆத்தோரச் சந்தையில கஞ்சி விக்குது.”

“பசிக்குது. வாங்க, போவோம்.”

வைத்திலிங்கத்துக்குக் கால் எழவில்லை. ஆனால் சாமி அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

சிறை வாசலில் பார்த்திருந்த காவலரை லாமின் தாய் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். முக்காலியைத் துடைத்துப் போட்டாள். இருவருக்கும் கிண்ணம் நிறையக் கஞ்சி ஊற்றினாள். பிறகு கூடைக்குள்ளிருந்து மடித்த சட்டை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர்கள் பாஷை வைத்திலிங்கத்துக்குப் பழகியிருந்தது.

“இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள் ஐயா. ராஜாவை நான் பார்த்ததில்லை. கவர்னரையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நன்றாக இருக்கிறானா?”

வைத்திலிங்கம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சாமியைப் பார்த்தார். சாமி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இருக்கிறான்” என்றார் வைத்திலிங்கம். சட்டையை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கெஞ்சினார்.

“சாமி, ஏதாவது சொல்லுங்க.”

“கஞ்சி நல்லாருந்துச்சு” என்றார் சாமி.

மறுநாள் காலை ஜப்பான் அதிகாரி ஒருவன் இடுப்பில் வாளோடு வந்தான். பின்னால் இரண்டு சிப்பாய்கள். சிறையதிகாரி துரை யார் முகத்தையும் பார்க்காமல் கூட நடந்தார். சாவியோடு முன்னால் போனவர் வைத்திலிங்கம். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. 

கதவில் இருந்த சின்ன ஜன்னல் வழியே பார்த்தார். லாம் அம்மா கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான். சாவி துவாரத்துக்குள் போனது. திரும்பவில்லை. திருப்ப வேண்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

“காலரா” என்றது வைத்திலிங்கத்தின் வாய்.

“என்ன?” என்றான் அதிகாரி, அரைகுறைப் பிரெஞ்சில்.

“இவனுக்குக் காலரா. நேற்றிலிருந்து.”

சிப்பாய்கள் பின்வாங்கினார்கள். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துரையைத் திரும்பிப் பார்த்தான்.

துரை முன்னே வந்து ஜன்னலில் கண்ணை வைத்தார். உள்ளே இருப்பவன் கல்லுக்குண்டு போல இருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.  வைத்திலிங்கத்தின் கண்முன் செண்பகவல்லியின் முகம் வந்தது, பெண்களின் முகம் வந்தது.

“ஆமாம்” என்றார் துரை. “காலராதான். கிட்டே போகாதீர்கள்.”

எங்கள் டாக்டரோடு திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டு ஜப்பான்காரர்கள் போனார்கள்.  துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். மத்தியானம் அங்கிருந்து உத்தரவு வந்தது: ஊருக்கு வெளியே இருக்கும் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு லாமை மாட்டுவண்டியில் அனுப்ப வேண்டும். காவலுக்கு யாரும் கூடப் போக வேண்டியதில்லை.

மாலையில் வைத்திலிங்கம் சாமியின் அறையில் வந்து விழுந்தார். சாமி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“வண்டி ஆஸ்பத்திரிக்குப் போச்சு, சாமி. போய்ச் சேர்ந்தப்ப அதுல லாம் இல்ல.”

“ம்.”

“டாக்டரோட வருவாங்க. எங்கன்னு கேப்பாங்க. துரை தலை உருளுமா, என் தலை உருளுமான்னு தெரியல. ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டினா என்ன பண்ணுவேன்?”

சாமி மறுபடி தம்ளரை நிரப்பினார்.

“எனக்கு ஒண்ணுதான் விளங்கல, சாமி. நானாவது பயந்துபோய் உளறினேன். துரை ஏன் அப்படிச் சொன்னார்? உத்தரவில்லாம ஒரு துரும்பை நகர்த்த மாட்டாரே. மேலேருந்து ஒண்ணும் வரலையே?”

“கீழேருந்து வந்துச்சே” என்றார் சாமி.