மரங்கொத்தி சொல்லாமல் விட்ட சத்தம்

மலைக்காட்டில் ஒரு பெரிய தான்றி மரம் இருந்தது. அடியிலிருந்து நுனி வரைக்கும் பொந்துகள். கிளி, மைனா, பறக்கும் அணில் என்று இருபது குடும்பங்கள் அதில் குடியிருந்தன. வாடகை வாரத்துக்கு ஒரு பழம்.

மரத்தைக் கவனித்துக்கொள்ள ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. தலைவர் வாலப்பர் என்ற மலை அணில். மரத்தின் நிர்வாகியும் அவர்தான். அதாவது வேலையைச் செய்பவரும் அவரே, செய்தது சரிதானா என்று கேட்க வேண்டியவரும் அவரே. இரண்டாவது உறுப்பினர் அவருடைய மச்சான். மூன்றாவது மச்சானின் தம்பி. நான்காவது ஆந்தையார். பகலில் நடக்கும் கூட்டத்துக்கு ஒன்றுவிடாமல் வருவார், வந்ததும் தூங்கிவிடுவார். வரவில்லை என்று மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஐந்தாவது செங்கொண்டையன் என்ற மரங்கொத்தி. "எல்லாம் ஒரே குடும்பமா இருக்கே" என்று கிளிகள் முணுமுணுத்தபோது, வெளியாள் ஒருவன் இருக்கட்டும் என்று அவனைச் சேர்த்தார்கள். மரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லக்கூடியவன் அந்தக் காட்டில் அவன் ஒருவன்தான். குழு உட்காரும் கிளையில் இளவெயில் படும் இடத்தை அவனுக்கு ஒதுக்கினார்கள். "நிபுணரே" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவன் கொண்டை தானாக நிமிரும்.

ஒவ்வொரு தை மாதமும் குழு மரத்தைப் பற்றி ஓர் அறிக்கை வாசிக்கும். எல்லாரையும்விட அதற்குக் காத்திருப்பவை இருவாச்சிகள்தான். இருவாச்சிப் பெண் முட்டையிடப் பொந்துக்குள் போனால், மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். அதன் வழியாக அவள் புருஷன் மூன்று மாதத்துக்கு மேல் பழம் ஊட்டுவான். உள்ளே அவளுக்குச் சிறகிறகு எல்லாம் உதிர்ந்து புதிதாக முளைக்க வேண்டும். அதுவரை பறக்க முடியாது. அப்படி ஒருத்தி உள்ளே போகுமுன், மரம் நிற்குமா என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

அந்தத் தையில் அலகம்மா என்ற இருவாச்சி, புருஷனோடு எதிர்மரத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். செங்கொண்டையன் தான்றியைத் தட்டினான். அடியில் தட்டினான், டக் என்றது. நுனியில் தட்டினான், டக் என்றது. நடுவில் தட்டினான். டொம் என்றது.

மரத்தில் பொந்து இருப்பது வேறு, மரம் உளுத்துப்போவது வேறு. பட்டையை ஒட்டி ஒரு சாண் மரம்தான் நல்லதாக இருக்கிறது என்று அந்த ஒரு தட்டிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

குழு கூடியது. செங்கொண்டையன் கேட்டதைச் சொன்னான்.

"டொம்முன்னா? சரி, மரம் நிக்குதா, விழுந்துருச்சா?" என்று கேட்டார் வாலப்பர்.

"நிக்குது. ஆனா..."

"நிக்குதுல்ல? 'மூணு இடத்துல தட்டிப் பாத்தாச்சு'ன்னு அறிக்கையில போட்டுருவோம். அது பொய்யா, நிபுணரே?"

"பொய் இல்லை."

"என்ன சத்தம் வந்துச்சுன்னு சொல்லணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. சொன்னா இருபது குடும்பமும் மூட்டை கட்டிரும். அப்புறம் குழு எதுக்கு? நீங்க வெயில் காய்ற கிளை எதுக்கு?"

மச்சான் தலையாட்டினார். மச்சானின் தம்பி, மச்சான் ஆட்டியதைப் பார்த்துத் தலையாட்டினார். ஆந்தையார் குறட்டை விட்டார்.

"ஆட்சேபம் இருக்கறவங்க வாலைத் தூக்கலாம்" என்றார் வாலப்பர். அந்தக் குழுவின் வழக்கம் அது.

மரங்கொத்திக்கு வால் மூன்றாவது கால் மாதிரி. அதை ஊன்றித்தான் மரத்தில் நிற்பான். தூக்கினால் வழுக்கிவிடுமே என்று செங்கொண்டையன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவன் உட்கார்ந்திருந்ததோ படுக்கைவாட்டில் போன கிளை. அங்கே வழுக்க ஒன்றுமில்லை. அது அவனுக்கும் தெரியும். வாலைத் தூக்கவில்லை.

அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது. வாலப்பர் அதைக் காட்டுக்கே கேட்கும்படி வாசித்தார். "நம் மரம் நிபுணரால் மூன்று இடங்களில் தட்டிப் பார்க்கப்பட்டது!"

கூட்டம் கலைந்ததும் அலகம்மா அவனிடம் பறந்து வந்தாள். "அண்ணே, நான் நடுப்பொந்துக்குப் போகலாம்னு இருக்கேன். மரம் எப்படிண்ணே?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். யாரும் அவன் வாயைக் கட்டவில்லை.

"தட்டிப் பாத்தாச்சும்மா" என்றான்.

அவள் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டாள்.

மறுவாரமே செங்கொண்டையன் தான்றியில் இருந்த தன் பொந்தைக் காலி செய்து, ஓடைக்கு அப்பால் வேறு மரத்துக்குப் போனான். வெட்கக்கேடு என்றால் இதுதான். அலகம்மாவின் புருஷன் அத்திப்பழத்தோடு அந்தப் பக்கமாகப் பறந்தபோது, "என்னண்ணே, வீடு மாத்திட்டீங்க?" என்று விசாரித்தான். "அங்க வெயில் ஜாஸ்தி" என்றான் செங்கொண்டையன். அந்த வெயிலுக்காகத்தான் அவன் வாயைத் திறக்காமல் இருந்தான். இப்போது வாய் கூசாமல் அதையே சொன்னான்.

அவன் அந்த மரத்துப் பக்கம் போவதையே விட்டான். கூட்டங்களுக்கு மட்டும் போனான். கிளையில் உட்கார்ந்தால் கீழே நடுப்பொந்தின் கீறல் தெரியும். அதிலிருந்து ஓர் அலகு நீண்டு பழம் வாங்கும். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் கோடைமழைக் காற்று கிளம்பியது. தான்றி முனகியது. ஓடைக்கு அப்பால் அதைக் கேட்ட செங்கொண்டையன் வாலப்பரிடம் பறந்து வந்தான்.

"மரம் தாங்காது. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

"அடுத்த அறிக்கை அடுத்த தையிலதான்" என்றார் வாலப்பர். சொல்லிக்கொண்டே பக்கத்து மரத்துக்குத் தாவினார். மச்சானும் தம்பியும் அதற்கு முன்பே தாவியிருந்தார்கள்.

அப்போதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. "மரம் விழப்போகுது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே மரத்தைச் சுற்றிப் பறந்தான். கிளிகள் சிதறின. பறக்கும் அணில்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு தாவின. ஆந்தையார்கூட விழித்துக்கொண்டார்.

அடைத்த வாசலுக்குள் இருப்பவள் எப்படி வருவாள்? செங்கொண்டையன் நடுப்பொந்தில் தொற்றி, காய்ந்து இறுகிய பூச்சைக் கொத்தினான். திருட வந்தவன் என்று நினைத்து உள்ளிருந்து அலகம்மா குத்தினாள். அவன் நெற்றியில் ரத்தம் வந்தது.

"நான்தான்மா! மரம் விழப்போகுது!"

"அறிக்கையில அப்படி ஒண்ணும் சொல்லலையே!"

"அறிக்கையில பாதிதான் இருந்துச்சு. வெளிய வாம்மா!"

பூச்சு பெயர்ந்தது. அவள் வந்து விழுந்தாள். சிறகு முளைத்தும் முளைக்காமலும் குச்சி குச்சியாக இருந்தது. புதரில் உருண்டு தப்பினாள். அடுத்த நொடி தான்றி நடுவில் முறிந்தது. பொந்தும் அதிலிருந்த இரண்டு முட்டைகளும் பாறையில் போய் விழுந்தன.

மறுநாள் காடே கூடியது. வாலப்பர் முந்திக்கொண்டு எழுந்தார். "நம் குழுவின் நிபுணர் இருபது குடும்பங்களைக் காப்பாற்றினார். இந்தக் குழுவுக்கே இது பெருமை!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். பறக்க முடியாத அலகம்மா நடந்தே அவனிடம் வந்தாள். "முட்டை போச்சு. ஆனா உசிரு உங்களாலதான் மிஞ்சிச்சு. குத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்றாள்.

அவள் மன்னிப்புக் கேட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வாலப்பரின் பாராட்டைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பான். அவன் கொண்டை படிந்துபோனது. எல்லார் முன்னாலும் வாலைத் தூக்கினான்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு" என்றான். "தையிலேயே எனக்குத் தெரியும். நடுவுல டொம்முன்னுச்சு. குழுவுல சொன்னேன். வேண்டாம்னாங்க. பேசாம இருந்துட்டேன். அலகம்மா, நீ வந்து கேட்டப்பவும் சொல்லலை. ஆனா என் வீட்டை மட்டும் மாத்திக்கிட்டேன்."

ஆந்தையார் கீழே பார்த்தார். வாலப்பர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அலகம்மா திட்டுவாள், மறுபடியும் குத்துவாள் என்று அவன் குனிந்து நெற்றியைக் கொடுத்தான். அவள் குத்தவில்லை.

"நீங்க தட்டினப்போ நான் எதிர்மரத்துலதான் இருந்தேன்" என்றாள். "நடுவுல சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. மனசுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. அதான் வந்து உங்களைக் கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலை. உங்களுக்குத் தெரியாததா, என் காதுதான் தப்புன்னு நினைச்சு உள்ள போயிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முறிந்த மரத்தைப் பார்த்து நடந்தாள். செங்கொண்டையன் அன்று குனிந்த தலையை வெகுநாள் நிமிர்த்தவில்லை.

நம்மை நம்பிப் பொறுப்பில் உட்காரவைத்திருக்கும்போது தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால், பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தப்பித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஊர் நம் மௌனத்தை நம்பித்தான் தன் காதையே சந்தேகிக்கிறது.