வெளிநடப்புச் செய்த தவளை

நெட்டிக்குளத்து மீன்களுக்கு வாய் உண்டு, கால் கிடையாது. காட்டுச் சபையோ கரைக்கு அப்பால், மருதமரத்தடியில் கூடியது. அதனால் நீந்தவும் தாவவும் தெரிந்த ஒரு தவளையைத் தங்கள் பிரதிநிதியாகச் சபைக்கு அனுப்பின. அதன் பெயர் முழங்கன்.

முழங்கனைப் போல ஒரு பிரதிநிதி எந்தக் குளத்துக்கும் வாய்க்காது என்று எல்லா மீன்களும் பெருமைப்பட்டன. கல்யாணமா? முதல் ஆளாக வந்து நிற்கும். சாவா? கடைசி ஆளாக அழுது முடிக்கும். மீனுக்கு ஏது காது? ஆனாலும் காதுகுத்து என்று சொல்லியனுப்பினால் போதும், முழங்கன் வந்து தாமரை இலையில் ஏறி அரைநாள் பேசிவிட்டுத்தான் இறங்கும்.

வரிச்சி என்ற விரால் மீனுக்கு முழங்கன் மேல் தனி மரியாதை. அதற்குக் காரணம் இருந்தது. வரிச்சியின் புருஷனை ஒரு நாரை கொத்திக்கொண்டு போய்விட்டது. முட்டைகளைக் காத்துக்கொண்டு வரிச்சி தனியாகத் தவித்தது. அப்போது காரியத்துக்கு வந்த முழங்கன், "அழாதே தங்கச்சி! அண்ணன் நான் இருக்கேன்!" என்று நாள் முழுக்கக் கூடவே இருந்தது.

எட்டு நாள் கழித்துக் குஞ்சுகளுக்குப் பேர் வைத்தபோதும் வந்தது. செக்கச்செவேலென்று முந்நூறு குஞ்சுகள். ஒவ்வொன்றையும் பேர் சொல்லி வாழ்த்தியது. வரிச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நாட்களில்தான் குளத்தில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

"அக்கா, போன வாரம் இந்த வேர் முங்கிக் கிடந்துச்சு. இப்போ வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது!" என்று வரிச்சியிடம் சொன்னது கரையோர வளையில் இருந்த நண்டு.

"வெயில் காலம்டா தம்பி."

"வெயில் வந்து மடைக்கல்லை நகர்த்துமா அக்கா? முதல்ல பாதிதான் நகர்ந்திருந்துச்சு. இப்போ கல்லே இல்ல. பன்றிக்கூட்டம் சபையிலே அனுமதி கேட்டு வாங்கிட்டதா பேச்சு. குளம் வத்தினா அடியில இருக்கிற கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்னலாமே! நம்ம ஆள் அங்க என்ன சொன்னாருன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

வரிச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நன்றி கெட்டவனே! என் புருஷன் சாவுக்கு அவர் வந்து அழுதார். நீ வந்தியா?"

நண்டு போகவில்லைதான். அது வளைக்குள் போய்விட்டது.

மறுவாரம் முழங்கன் சபையிலிருந்து தாவித் தாவி வந்தது. குளமே கரையோரம் கூடியது.

"கரையை வெட்டணும்னு பன்றி தீர்மானம் கொண்டுவந்துச்சு! நான் விடுவேனா? எழுந்தேன். முறைச்சேன். வெளிநடப்புச் செஞ்சுட்டேன்!"

"வெளிநடப்பு! வெளிநடப்பு!" என்று கெண்டைகள் துள்ளின. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒன்றுக்கும் தெரியாது. சொல்லில் ஒரு வீரம் இருந்தது, அது போதுமே! அல்லித்தண்டை மாலையாகக் கட்டிக் கழுத்தில் போட்டன. தவளைக்கு ஏது கழுத்து? மாலை வயிற்றில் வந்து நின்றது.

நண்டு தலையை நீட்டியது. "நீங்க வெளியே வந்த பிறகு உள்ளே என்ன ஆச்சு?"

"வெளியே வந்தவனுக்கு உள்ளே நடந்தது எப்படிய்யா தெரியும்?" என்றது முழங்கன்.

எல்லா மீன்களும் நண்டைப் பார்த்துச் சிரித்தன. வரிச்சி மட்டும் சிரிக்கவில்லை. சபையில் என்ன நடந்தது என்று தானே போய்ப் பார்த்துவிட முடிவு செய்தது.

விடியற்காலையில் குஞ்சுகளைப் பாசிக்குள் ஒளித்துவைத்தது வரிச்சி. "அம்மா வர்ற வரைக்கும் மேலே வரக் கூடாது!" என்று சொல்லிவிட்டு மடை வழியாக வாய்க்காலில் இறங்கியது. அதன் குளத்துத் தண்ணீர்தான் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரே அதை மருதமரத்தின் வேரடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மரத்தில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. சபையில் யார் என்ன சொன்னார்கள் என்று பட்டையில் கொத்திவைப்பது அதன் வேலை. 'ஆகட்டும்' என்றால் ஒரு கோடு. 'கூடாது' என்றால் ஒரு பெருக்கல் குறி. ஒவ்வொரு பிரதிநிதிக்கும் ஒரு வரிசை.

"ஐயா, நெட்டிக்குளத்து வரிசை எது?"

"அட! இதைப் பார்க்கவும் ஒரு ஆள் வந்துச்சா? இத்தனை வருஷமா கொத்துறேன், நீதான் முதல் ஆள்!" என்று மரங்கொத்தி அலகால் காட்டியது.

அங்கே கோடும் இல்லை, பெருக்கலும் இல்லை. மூன்று வட்டங்கள் இருந்தன.

"இது என்னங்க, வெறும் ஓட்டையா இருக்கு?"

"ஆள் வரலைன்னா வட்டம். வந்தும் வாயைத் திறக்கலைன்னா வட்டம். எழுந்து வெளியே போனாலும் வட்டம்தான். சபையிலே மௌனம் சம்மதம்னு ஒரு விதி இருக்கு. வட்டமெல்லாம் கடைசியிலே 'ஆகட்டும்' கணக்குல சேர்ந்துடும். மூணு தடவையும் நாலு பேர் 'ஆகட்டும்', நாலு பேர் 'கூடாது'. உங்க ஆள் 'கூடாது'ன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா தீர்மானம் அப்பவே விழுந்திருக்கும்."

வரிச்சி அந்த வட்டங்களை உற்றுப் பார்த்தது. "முதல் வட்டம் என்னைக்குங்க?"

"மடைக்கல்லைப் பாதி நகர்த்தின அன்னைக்கு. உங்க குளத்துல ஏதோ ஒரு விரால் செத்துக் காரியமாம். போயிட்டார்."

"ரெண்டாவது?"

"கல்லை மொத்தமா எடுத்த அன்னைக்கு. அது விரால் குஞ்சுகளுக்குப் பேர் வைக்கிற விசேஷம்னு கேள்வி."

இரண்டு நாளும் முழங்கன் வரிச்சியின் வீட்டில்தான் இருந்தது. வருந்தி வருந்தி அழைத்ததும் வரிச்சிதான். இதைவிடப் பெரிய அடி அதற்கு வேறென்ன வேண்டும்!

"இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா ஐயா?"

"முடியும். இன்னைக்கு உச்சிப்பொழுதுல பன்றிங்க கரையை வெட்ட வரும். முதல் வெட்டு விழுறதுக்குள்ள உங்க பிரதிநிதி கரையிலே வந்து நின்னு 'கூடாது'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, கடைசி வட்டத்தைப் பெருக்கலா மாத்திடுவேன். வெட்டு நின்னுடும். ஓடு!"

வரிச்சி ஓடும் தண்ணீரை எதிர்த்து நீந்தியது. நீந்தத் தண்ணீர் போதாத இடத்தில் வயிற்றைத் தேய்த்துத் தவழ்ந்தது. வாய்க்கால் கரையில் நாரைகள் வரிசையாக வந்து நிற்க ஆரம்பித்திருந்தன. அவற்றுக்கு யார் சேதி சொன்னார்களோ! ஒரு நாரை கொத்தியதில் முதுகில் ஒரு பிடி சதை போனது. வரிச்சி நிற்கவில்லை.

குளத்தில் நத்தை வீட்டுக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. முழங்கன் நடுநாயகமாக உட்கார்ந்து வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே! உடனே கரைக்கு வாங்க! 'கூடாது'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க! என் பிள்ளைங்க பொழைச்சுடும்!"

"நான் வெளிநடப்புச் செஞ்சவன் தங்கச்சி! திரும்பி உள்ளே போனா என் கொள்கை என்ன ஆகுறது? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"முந்நூறு உயிர் அண்ணே!"

முழங்கன் குரலைத் தாழ்த்தியது. "நீ என் தங்கச்சி, உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? உங்களுக்கு எதிரா நான் ஒரு நாளும் 'ஆகட்டும்'னு சொன்னதில்லை. ஆனா பன்றிகளைப் பகைச்சுக்கிட்டு நான் அந்தக் கரையிலே எப்படி நடமாடுறது? ரெண்டு பக்கமும் பார்க்கணும் இல்லையா?"

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தவளைக்கு அது பிறவிக் குணம். ஆனால் ஆற்றிலேயே கிடக்கிறவர்கள் கதி?

வாழ்த்துரையை முடித்துவிட்டு முழங்கன் கரையேறிப் போய்விட்டது. உச்சிப்பொழுது வந்தது. முதல் வெட்டு விழுந்தது. நாற்பது பன்றிகள் மூக்கால் கரையைக் கிளறின. கரை உடைந்து தண்ணீர் ஓவென்று பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் குளம் சேறாகிவிட்டது. நத்தை வீட்டு மாப்பிள்ளை பன்றிக் காலில் மிதிபட்டுச் செத்தான். கெண்டைகள் துள்ளித் துள்ளி அடங்கின. முந்நூறு குஞ்சுகளையும் தண்ணீர் மிஞ்சிய கடைசிக் குழிக்குள் தள்ளி, வரிச்சி மேலே படுத்து மறைத்துக்கொண்டது. ஆனால் விரால் குஞ்சு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டுமே! ஒவ்வொன்றாக மேலே வந்தன. நாரைகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கின. வரிச்சி கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இந்த நுணல் வாயைத் திறக்காமலே ஒரு குளத்தைக் கெடுத்துவிட்டது.

விராலுக்குச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து உயிர் வாழத் தெரியும். அதனால் வரிச்சி சாகவில்லை. செத்திருந்தால் நல்லது என்று அதுவே நினைத்தது. மறுநாள் காலையில் அது கிடந்த குழியருகே தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. முழங்கன்தான். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"தங்கச்சி! சேதி கேட்டதும் முதல் ஆளா ஓடி வந்துட்டேன்! ஒவ்வொரு குஞ்சும் பேரோட ஞாபகம் இருக்கு!" என்று முதல் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தது.

வரிச்சி சேற்றிலிருந்து வாயை மட்டும் தூக்கியது.

"வெளியே போங்க அண்ணே. அது ஒண்ணுதான் உங்களுக்கு வரும்."

முழங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு தாவித் தாவிப் பக்கத்துக் குளத்துக்குப் போனது. அன்று அங்கே ஒரு கெளுத்தி வீட்டில் விசேஷம்.

"வாங்க வாங்க! எங்களுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்!" என்று அந்தக் குளத்து மீன்கள் ஆரவாரம் செய்தன.

நம் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நிற்கிறவன், சபையில் நமக்காக ஒரு சொல் சொல்ல வேண்டிய நேரத்தில் எங்கே இருந்தான் என்று கேட்காதவர்கள், கடைசியில் அவன் அழுவதற்கு ஒரு சாவைத்தான் தயார் செய்துவைப்பார்கள்.